மெம்பிசு துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் (1968)

மெம்பிசு துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்பிசு நகரில் 1968 பெப்ரவரி 12 முதல் ஏப்ரல் 16 வரை நடந்த போராட்டம் ஆகும். ஏறத்தாழ 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் இதில் பங்கேற்றனர். இனப் பாகுபாடும் வறுமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை இப்போராட்டம் தெளிவாகக் காட்டுகிறது.

பின்னணி

குப்பை அள்ளும் வேலை கறுப்பினத்தவரிடமும் மேற்பார்வைப் பணி வெள்ளையரிடமும் இருந்தது. முழுநேரம் உழைத்தும் தொழிலாளர் பலர் அரசின் உணவு உதவியை நம்பி வாழ்ந்தனர். சனவரி இறுதியில் மழை பெய்தபோது கறுப்பினத் தொழிலாளர் சிலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு முழுநாள் கூலி கிடைக்கவில்லை. வெள்ளை மேற்பார்வையாளர்கள் முழு ஊதியம் பெற்றனர். பெப்ரவரி 1 அன்று மழைக்காகக் குப்பை வண்டியின் பின்பகுதியில் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரும், குப்பையை அழுத்தும் இயந்திரம் திடீரென இயங்கியதால் நசுங்கி இறந்தனர்.

போராட்டம்

கூலி உயர்வு, பாதுகாப்பு, தொழிற்சங்க அங்கீகாரம் ஆகியவை கோரிக்கைகள். நகராட்சி ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம் என்று கூறி நகரத் தலைவர் என்றி லோப் இணங்க மறுத்தார். தொழிலாளர்கள் "நான் ஒரு மனிதன்" என்ற அட்டைகளை ஏந்தி ஊர்வலம் சென்றனர். ஆதரவளிக்க வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் நடுவண் அரசின் சமரச முயற்சியால் உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சங்கம் அங்கீகரிக்கப்பட்டது, கூலியும் உயர்ந்தது.

இனமா, வறுமையா?

சமத்துவம் பற்றிய அரசியல் விவாதங்களில் இரு வாதங்கள் எழுவது வழக்கம். சட்டத்தில் சம உரிமை கிடைத்தால் போதும் என்பது ஒன்று. வறுமை ஒழிந்தால் இனச் சிக்கல் தானே தீரும் என்பது மற்றொன்று. மெம்பிசு நிகழ்வுகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1964 குடிசார் உரிமைச் சட்டமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் வந்த பின்னரும் குப்பை சுமந்தவரின் அடுப்பு எரிவது கடினமாகவே இருந்தது. ஆகவே முதல் வாதம் போதவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஒரே நகராட்சி, ஒரே மழை. எனினும் கூலியை இழந்தது யார் என்பதைத் தோலின் நிறமே முடிவு செய்தது.

இதை உணர்ந்தே கிங் தம் இறுதிக் காலத்தில் ஏழை மக்கள் இயக்கத்தைத் திட்டமிட்டார். கறுப்பினத்தவரோடு பழங்குடியினர், மெக்சிக்க வம்சாவளியினர், ஏழை வெள்ளையர் ஆகியோரும் அதில் இணைந்தனர். அவர் மறைவுக்குப் பின், 1968 மே, சூன் மாதங்களில் அவர்கள் வாசிங்டனில் கூடாரமிட்டுத் தங்கி, வேலையும் வருமானமும் வீடும் கோரினர்.