உம்பளச்சேரி மாடும் கோடியக்கரைப் புல்வெளியும்

அன்று, சம்பா நட்டு முடித்தால் தஞ்சைத் தரணியில் மாடு கால்வைக்க இடமிருக்காது. வயலெல்லாம் பயிர். மாடுகள் கரைக்கும் புறம்போக்குக்கும் போகும். வேதாரண்யம் பக்கத்து உம்பளச்சேரி மாடு, கடலோரத் தரிசில் உப்பருகு மேய்ந்தே வளர்ந்தது. கன்று பிறக்கும்போது செவலை. ஏழெட்டு மாதத்தில் சாம்பல் பூக்கும். சேற்றில் அசராமல் ஏர் இழுக்கும் கால் அதற்கு. கொம்பைத் தீய்த்துவிடுவதால் ஊரில் அது ‘மொட்டை மாடு’. அறுவடை முடிந்ததும் வயலில் கிடை போடுவார்கள். தாள் மாட்டுக்கு, சாணம் மண்ணுக்கு.

இன்று உழவு டிராக்டருக்கு, அறுப்பு இயந்திரத்துக்கு. உம்பளச்சேரி மாடு அருகிவிட்டது. அதே வேதாரண்யக் கடலோரத்தில், 1967-ல் வெளிமானுக்காகச் சரணாலயமான கோடியக்கரை, 2002-ல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே திறந்த புல்வெளியைச் சீமைக்கருவேலம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. வெளிமானுக்கு ஓட வெளி வேண்டும். புதரில் அது வாழாது.

இந்தப் பரவலில் மாட்டுக்கும் பங்குண்டு. சீமைக்கருவேலம் பரவிய இடத்தில் காய்ந்த சாண வறட்டியொன்றை உடைத்துப் பாருங்கள். இனிப்புக்காகத் தின்ற நெற்றின் விதைகள் சேதமில்லாமல் உள்ளே இருக்கும். முதல் மழையில் சாணமே அவற்றுக்கு நாற்றங்கால்.

அப்படியானால் மாட்டை விரட்டிவிடலாமா? ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் அதைத்தான் செய்தார்கள். 1982-ல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தார் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதன்பின் எருமைகள் தின்றுவந்த நீர்ப்புல் ஏரியை மூடியது. வாத்து நீந்தத் திறந்த நீர் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்தாண்டு ஆய்வு, எருமைகள் அங்கே சம்பளமில்லாமல் களையெடுத்து வந்ததை எடுத்துக்காட்டியது.

ஆக, மாடு பகையுமல்ல, மருந்துமல்ல. எத்தனை மாடு, எந்த மாதம், எந்த இடம் என்பதே கணக்கு. கிடை போட்ட நம் பெரியவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். ஒரே வயலில் கிடையை அவர்கள் நிறுத்திவைத்ததில்லை. கோடியக்கரையிலும் முதலில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். நெற்று பழுக்கும் காலத்தில் மாட்டை உள்ளே விடக்கூடாது. மற்ற மாதங்களில், மானுக்குப் புல் மிஞ்சும் அளவில், எண்ணி விடலாமா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு வனத்துறை அழைக்க வேண்டிய முதல் ஆள், அந்த மண்ணில் மாடு மேய்த்தவர்தான்.