மூலையில் இருக்கும் பிள்ளையும் எமது பிள்ளையே

2009ஆம் ஆண்டு செட்டிக்குளத்து நலன்புரி நிலையம் ஒன்றில், தறப்பாள் கொட்டிலின் கப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பழைய சேலைத் துண்டினால் கட்டப்பட்டிருப்பதைக் கண்டோம். எம்மைக் கண்டதும் தாய் கூனிக் குறுகினார். "என்ன செய்ய சுவாமி, அவிட்டு விட்டால் பவுசர் வாற றோட்டுக்கு ஓடுறான். நான் தண்ணிக்கு வரிசையில நிக்கோணும். ஆர் இவனைப் பாக்கிறது?" என்றார்.

ஊரில் இருந்தபோது அவர் அவனைக் கட்டியதில்லை. அங்கே அடைத்த வளவு இருந்தது, அப்பம்மா இருந்தார், அயலவர் அனைவருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. இடப்பெயர்வு அக்குடும்பத்தின் வயலை மட்டுமன்றி, அப்பிள்ளையைச் சுற்றியிருந்த கைகளையும் பறித்துவிட்டது. அக்கைகளை மீண்டும் எவ்வாறு சேர்ப்பது என்பதை இங்கு நோக்குவோம்.

யாருடைய குற்றம்?

கருவிலோ, பிறப்பின்போதோ, குழந்தைப் பருவத்திலோ மூளையின் வளர்ச்சி பாதிக்கப்படுவதால் ஏற்படுவதே வளர்ச்சிக் குறைபாடு. டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்குப் பிறப்பிலேயே நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக உள்ளது. பிறக்கும்போது மூச்சுத் திணறல், கடுமையான செங்கமாரி, மூளைக் காய்ச்சல், கர்ப்பிணித் தாய்க்கு அயடீன் குறைவு என்பனவும் காரணங்களாகலாம். பல வேளைகளில் காரணம் தெரிவதேயில்லை. இது பைத்தியமன்று, தொற்றுவதுமன்று. இப்பிள்ளைகள் மெதுவாகக் கற்கிறார்கள், ஆனால் கற்கிறார்கள்.

பெற்றோரின் பாவம், செய்வினை, கிரகபலன் என்று சொல்வோர் இன்றும் உளர். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது எவர் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனுடையதுமன்று, பெற்றோருடையதுமன்று என்றே ஆண்டவர் பதிலளித்தார். அதற்குப் பின்னும் ஒரு தாயைக் குற்றவாளியாக்க எமக்கு உரிமையில்லை.

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத, ஒன்பது மாதமாகியும் தானாக இருக்காத, ஒன்றரை வயதாகியும் நடக்காத பிள்ளையைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதியாது சொல்லுங்கள். வேளைக்கே தொடங்கும் பயிற்சி கூடிய பலன் தரும்.

வீடே பயிற்சிக்கூடம்

இத்தகையோருக்கான உதவி பட்டணத்து நிலையங்களில்தான் உண்டு என்ற எண்ணம் முன்பு இருந்தது. 1970களின் இறுதியிலிருந்து உலக சுகாதார நிறுவனம் வேறொரு வழியை முன்வைத்தது. குடும்பத்தவரும் அயலவரும் ஊர்த் தொண்டரும் சேர்ந்து, பிள்ளையின் சொந்த வீட்டிலேயே பயிற்சியளிப்பது அது. இதனைச் சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வு என்பர். 1989இல் அந்நிறுவனம் வெளியிட்ட பயிற்சிக் கைநூலை ஆக்கியோருள் எமது நாட்டு இயன்மருத்துவர் பத்மணி மென்டிசும் ஒருவர்.

முறை எளிது. ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து பழக்க வேண்டும். சோறு உண்ணப் பழக்குவதாயின், பிள்ளையின் கையைப் பிடித்துச் சோற்றைக் குழைத்து, எடுத்து, வாயருகே கொண்டு செல்லுங்கள். வாயில் வைப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது பழகியபின் சற்று முன்னதாகவே கையை விடுங்கள். ஒவ்வொரு முறையும் அவனே வேலையை முடிப்பதால் உற்சாகம் குன்றாது. நாள்தோறும் அதே நேரத்தில், அதே ஒழுங்கில், குறைந்த சொற்களில் செய்யுங்கள். வீட்டார் அனைவரும் ஒரே விதமாகப் பழக்குவது அவசியம். முகம் கழுவுவதும், கோழிக்குத் தீன் போடுவதும், மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இவ்வாறே பழகும்.

அயலவர் பங்கு

தாய் ஒருவரால் இதனைத் தனித்துச் சுமக்க முடியாது. நாற்று நடுகையில் இன்று உங்கள் வயல், நாளை எங்கள் வயல் என்று உதவியவர்கள் நாம். அதே ஒழுங்கை இங்கும் செய்யலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, நாளுக்கு ஒருவர் இரண்டு மணித்தியாலம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், தாய் தண்ணீருக்கும் கூலிவேலைக்கும் போய்வரலாம். சிறியதோர் இடத்தை வேலியடைத்தால் கயிறு தேவைப்படாது. இப்பிள்ளைகளின் பெற்றோர் மாதமொரு முறை கூடிப் பேசுவதும் பெரும் ஆறுதலாகும்.

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பிள்ளையைப் பதிந்து, கிடைக்கக்கூடிய உதவிகளைக் கேட்டறியுங்கள். விசேட கல்வி அலகு உள்ள பாடசாலை அருகில் உண்டா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். வலுவிழந்தவர் என்பதற்காகக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுத்துப் பாரபட்சம் காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. கேட்பது பிச்சையன்று, உரிமை.

இடம் மாறும்போது

பிறப்புச் சான்றிதழையும் கிளினிக் கொப்பியையும் பொலித்தீன் பையிலிட்டு உடன் வைத்திருங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தீருமுன்பே அருகிலுள்ள வைத்தியசாலையை நாடுங்கள். பேசத் தெரியாத பிள்ளையின் சட்டையின் உட்புறம் பெயரையும் தொடர்பு விபரத்தையும் தைத்துவிடுங்கள். கண்ணிவெடிப் பலகையை அவனால் வாசிக்க முடியாது. அபாயமுள்ள பக்கம் அவன் தனியே போகாதிருக்க அயலவரையும் கவனிக்கச் சொல்லுங்கள். புதிய இடத்தில் முதல் நாளே அவனை அயல் வீடுகளுக்கு அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள்.

மேற்சொன்ன குடும்பம் 2010இல் மீள்குடியேறியது. பின்னர் அங்கு சென்றபோது, அச்சிறுவன் பேணி ஒன்றினால் கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதித் தண்ணீர் அவன் காலில்தான் விழுந்தது. இன்னும் சில வேளை றோட்டுக்கு ஓடுகிறான் என்றார் தாய். ஆனால் இப்போது அவனைக் கண்டவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்கள்.

உங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டின் மூலையில் இப்படியொரு பிள்ளை இருக்கிறது? இன்று மாலையே அந்தத் தாயிடம் போய், ஒரு மணித்தியாலம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள்.