கடலுக்கு முதுகு காட்டி ஒரு தீபாவளி

அந்தமான் துறைமுக நகரில் வாணவேடிக்கை பார்க்க எங்கே நிற்பது? கூட்டம் போகும் இடத்தில் நின்றால் பாதிதான் தெரியும்.

நவம்பர் முதல் வாரத்தில் மாலை ஐந்து மணி. சென்னையில் மொட்டை மாடிகளில் இன்னும் வெயில் இருக்கிறது. வங்கக் கடலின் அந்தப் பக்கம் போர்ட் பிளேரில் சூரியன் மறைந்து சில நிமிடங்கள் ஆகிவிட்டன. கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், சூரியன்தான் ஒன்றல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் அதற்குப் பத்து டிகிரி கிழக்கே இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் விடிவதும் இருட்டுவதும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னால்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. பழைய பெயர் இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை என்பதால் இங்கே அதுவே இருக்கட்டும். தீபாவளிக்கோ புத்தாண்டுக்கோ தீவுக்குப் போகத் திட்டமிடும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த ஐம்பது நிமிடக் கணக்கைத்தான்.

காரணம் நீதிமன்றத் தீர்ப்பு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்றது. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி போடுவது எங்கள் வழக்கம் என்று தமிழ்நாடு முறையிட்டது. நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மொத்தம் இரண்டு மணிக்கு மேல் போகக் கூடாது என்று நீதிமன்றம் இறங்கி வந்தது. அப்படித்தான் தமிழ்நாட்டுக்குக் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்ற கணக்கு வந்தது. சென்னையில் காலை ஆறு மணி என்பது விடிந்தும் விடியாத பொழுது, மத்தாப்பு எடுபடும். அதே ஆறு மணிக்குப் போர்ட் பிளேரில் சூரியன் உதித்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்த வெளிச்சத்தில் கம்பி மத்தாப்பு கொளுத்தினால் புகைதான் மிஞ்சும். நரக சதுர்த்தசி விடியல் என்று தமிழர் மனத்தில் இருக்கும் இருட்டு, இந்தத் தீவில் ஐந்து மணிக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.

இதைத் தமிழர்களின் தனிக் குறையாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை மூன்று லட்சத்து எண்பதாயிரம். வங்காளிகளுக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த வரிசையில், சுமார் 15 சதம் பேருடன், தமிழர்கள் இருக்கிறார்கள். தெலுங்கர், மலையாளி, ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த ஆதிவாசிகள், நிக்கோபாரிகள் என்று மற்றவர்களும் சிறு எண்ணிக்கை அல்ல. ஆகவே தீபாவளி இங்கே ஒன்றல்ல. தமிழருக்கு அது விடியல். வடக்கத்தியருக்கு மாலை லட்சுமி பூஜை. வங்காளிக்கு அமாவாசை நள்ளிரவுக் காளி பூஜை. சில ஆண்டுகளில் மூன்றும் ஒரே தேதியில் விழும்; சில ஆண்டுகளில் தமிழருடையது ஒரு நாள் முந்தும். அப்படிப்பட்ட ஆண்டில் போகிறவருக்கு அதிர்ஷ்டம்: இரண்டு நாள் வேடிக்கை. எந்த நேரத்துக்கு அனுமதி என்பதை அந்தந்த ஆண்டு தீவு நிர்வாகம் போடும் உத்தரவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெடிக்கும் சரக்கு பெரும்பாலும் சிவகாசியிலிருந்து கடல் தாண்டி வருவது. சென்னையிலிருந்து 1,190 கிலோமீட்டர். பட்டாசு ஆபத்தான சரக்கு என்பதால் விமானத்தில் ஏற்ற முடியாது. பயணிகள் கப்பலில் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோகவும் கூடாது. உறவினர் வீட்டுக்குப் போகும் ஆர்வத்தில் துணிமணிகளுக்கு நடுவே இரண்டு பாக்கெட் லட்சுமி வெடியைச் செருகுவது வழக்கைத் தேடிப் போவது. தீவில் உரிமம் பெற்ற கடையில் வாங்கிக்கொள்வதே நல்லது. கப்பல் கூலி சேர்ந்து விலை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

இந்தச் சரக்குக்கு வேடிக்கையான ஒரு வங்காளத் தொடர்பும் உண்டு. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள 1920களில் போன ஊர் கல்கத்தா. அங்கே கற்ற வித்தையிலிருந்துதான் பின்னாளில் பட்டாசும் முளைத்தது. இன்று போர்ட் பிளேரின் ஒரு தெருவில் தமிழர் வீட்டுப் பூச்சட்டியும் வங்காளி வீட்டு துப்ரியும் எதிரெதிரே சீறும்போது, இரண்டுக்கும் இடையில் அவ்வளவு தூரம் இல்லை. 'பச்சைப் பட்டாசு' வந்த பிறகு பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்கும் தடை. வாணத்தில் பச்சை நிறத்தைத் தருவதே பேரியம்தான். எனவே பச்சைப் பட்டாசில் அரிதாகிப்போனது பச்சை நிறம்!

சரி, எங்கே நின்று பார்ப்பது? யாரைக் கேட்டாலும் மெரீனா பார்க் என்பார்கள். அபர்தீன் கடற்கரையை ஒட்டிய நீண்ட நடைபாதை, உட்கார இடம், தின்பண்டம், குழந்தைகள் ஓட வெளி எல்லாம் உண்டு. பக்கத்துத் தென்முனையில் 150 அடிக் கம்பத்தில் தேசியக் கொடி. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இந்த ஊரில் மூவர்ணக் கொடியை ஏற்றியதன் 75ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது அது. மாலை நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. வாணவேடிக்கைக்கு மட்டும் இது அவ்வளவாக உதவாது.

அங்கே நின்று கடலைப் பார்த்தால் எதிரே இருப்பது ராஸ் தீவு. 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் நிர்வாகத் தலைநகர். இப்போது இடிபாடுகளும் வேர்களும் மான்களும்தான். இடப்பக்கம் வடக்கு விரிகுடாவின் கலங்கரை விளக்கம். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னைகளுக்கு நடுவே தெரியுமே, அதே விளக்கம். அதற்குப் பின்னால் காட்டு மலை. ஆக, கண்ணுக்கு எதிரே முழுவதும் இருட்டு. சிட்னியிலும் ஹாங்காங்கிலும் மிதவைகளில் வெடிமருந்து ஏற்றிக் கடல் நடுவிலிருந்து கொளுத்துவார்கள். அங்கே கடலைப் பார்த்து உட்காருவதில் பொருள் உண்டு. போர்ட் பிளேரில் வாணம் விடுவது ஊர். அபர்தீன் கடைத்தெரு, டெலானிப்பூர், ஹாடோ, ஷாதிப்பூர், ஜங்லிகாட் என மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான வீடுகள். மெரீனா பார்க்கில் உட்கார்ந்தவருக்கு அவை அத்தனையும் முதுகுக்குப் பின்னால்.

ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஊரை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். துறைமுகத்தின் வடகரையில் இருக்கும் பாம்பூ ஃப்ளாட் அதற்கென்றே அமைந்தது போன்ற இடம். சாத்தம் தீவின் படகுத்துறையிலிருந்து வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகில் சில நிமிடங்களில் போய்விடலாம். அக்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தால் சாத்தம், ஹாடோ துறை, ஃபீனிக்ஸ் விரிகுடா, மேலே அடுக்கடுக்காக வீடுகள். மலைச்சரிவில் கட்டிய ஊர் என்பதால் யார் வீட்டு வாணமும் யார் வீட்டையும் மறைப்பதில்லை. வெளிச்சம் முதலில் வரும். மூன்று நான்கு வினாடி கழித்துச் சத்தம் நீரைத் தாண்டி வந்து சேரும். பின்னால் இருக்கும் மலை அதை இன்னொரு முறை சொல்லும். காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கும் இதயக் கோளாறு உள்ள தாத்தாவுக்கும் இந்தத் தூரம் பாதுகாப்பு.

இந்த வடகரைக்கு வேறொரு மாலையின் நினைவும் உண்டு. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு ஹேரியட் மலையில் ஏறி, சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, இருட்டிய பின் தீவட்டி வெளிச்சத்தில் ஹோப் டவுன் துறைக்கு இறங்கி வந்தார். படகில் ஏறும் நேரத்தில் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி கத்தியால் குத்தினார். ஓர் அழகான அஸ்தமனத்தைக் காணப் போனதில் முடிந்தது அந்தப் பயணம். அந்த மலைக்கு 2021 முதல் மணிப்பூர் மலை என்று பெயர். தேசியப் பூங்கா, காடு. இரவில் அங்கிருந்து வாணம் பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம். கீழே கரையே போதும்.

பாம்பூ ஃப்ளாட்டுக்குப் போகிறவர் மறக்கக் கூடாதது கடைசிப் படகு. போகும்போதே துறையில் அன்றைய கடைசி நடை எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; பண்டிகை நாளில் அது மாறலாம். தவறவிட்டால் ஃபெரார்கஞ்ச் வழியாகச் சாலையில் சுற்றிக்கொண்டு வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

கடைசிப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் வேறு ஏதாவது ஒரு படகில் தொற்றிக்கொள்வதைவிட அந்த நாற்பது கிலோமீட்டர் மேல். 2014 ஜனவரி 26, குடியரசு தின விடுமுறை. ராஸ் தீவிலிருந்து வடக்கு விரிகுடாவுக்குச் சென்ற 'அக்வா மரைன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா வந்தவர்கள். அனுமதித்ததைவிட மிக அதிகமானவர்களைப் படகில் ஏற்றியிருந்தார்கள். மெரீனா பார்க்கிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான், பட்டப்பகல்தான். அப்படியிருக்க, இரவில், கூட்ட நாளில், 'நடுக்கடலிலிருந்து வாணம் பாருங்கள்' என்று யாராவது சின்னப் படகைக் காட்டினால் மிதவைச் சட்டைகளையும் தலைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் கரையே சொர்க்கம்.

நீரைக் கடக்க விரும்பாதவர்களுக்கு மேடுகள் இருக்கின்றன. டெலானிப்பூர், ஹாடோ பக்கத்து விடுதிகளில் துறைமுகத்தைப் பார்த்த மாடி உள்ளதா என்று அறை எடுக்கும்போதே கேட்டுவிடலாம். கார்பின்ஸ் கோவ் கடற்கரை பகலில் குளிக்க நல்லது. இரவு ஊர் தெரியாது. சாத்தத்தில் நின்று பார்க்கலாம், அங்கே ஒரு தீக்குச்சியும் கிழிக்கக் கூடாது: 1883இல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. கடற்படைப் பகுதிகளைப் படம் எடுப்பதும் வேண்டாம்.

புத்தாண்டு இரவின் கதை கொஞ்சம் வேறு. உச்ச நீதிமன்றம் அதற்குக் கொடுத்தது 11.55 முதல் 12.30 வரை, முப்பத்தைந்தே நிமிடம். மழைக்காலம் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும் என்பதால் வானம் தீபாவளியைவிடத் தெளிவு. தீவுக்கு ஆண்டில் மூவாயிரம் மில்லிமீட்டர் மழை, அக்டோபர் நவம்பரில் புயல் பயமும் சேர்ந்தே வரும். டிசம்பர் 4 கடற்படை தினம், குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகியவற்றில் போர்க்கப்பல்களை முனை முதல் முனை வரை விளக்குச் சரத்தால் அலங்கரிப்பது மரபு. வெடிச் சத்தம் பிடிக்காதவர்களுக்கு அதுவே போதுமான காட்சி. அன்று கப்பல் எங்கே நங்கூரமிட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மெரீனா பார்க் தன் மானத்தை மீட்டுக்கொள்ளவும் கூடும்.

புத்தாண்டு நள்ளிரவில் உலகின் பல துறைமுகங்களில் காலாவதியான அபாய வாணங்களைச் சிலர் கொண்டாட்டத்துக்குச் சுட்டுவிடுவது உண்டு. கடலில் சிவப்பு நட்சத்திரம் என்றால் 'உயிர் போகிறது, வாருங்கள்' என்று பொருள். வேறு எதற்காகவும் அதைக் கொளுத்தக் கூடாது என்பது சர்வதேச விதி. நாட்டில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் உள்ள மூன்று ஊர்களில் போர்ட் பிளேரும் ஒன்று. பொய்யாக ஒரு சிவப்பு வாணம் எழுந்தால் அங்கே உண்மையாகவே சிலர் தூக்கம் கெட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது நிக்கோபார் கிராமங்களில் கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் இந்தத் துறைமுகத்தில் நடமாடிய கப்பல்கள் நிவாரணப் பொருள்களையும் உயிர் பிழைத்தவர்களையும் சுமந்தவை. ஆண்டின் இந்த வாரத்தில் சில வீடுகளில் வெடி கேட்காது. பக்கத்து வீட்டு விருந்தாளியாகப் போகிறவர் அதைக் கவனித்தால் நல்லது.

இரவு பத்து மணிக்கு வெடி அடங்கிப் புகை மெல்ல விலகும்போது, இத்தனை நேரமும் யாரும் கவனிக்காமல் சுழன்றுகொண்டிருந்த வடக்கு விரிகுடா விளக்கம் மறுபடி கண்ணில் படும். அதற்குள் கடைசிப் படகு கிளம்பியிருக்கக் கூடாது.