போர்க்களத்து டிரெய்லர் குடும்பத்திற்கு உதவுமா?

போருக்கென்று செய்யப்பட்ட பொருள்கள் அனைத்தும் அழிவுக்கே உரியவை என்று எண்ணிவிடலாகாது. ஜீப்பின் பின்னே பூட்டி இழுக்கும் பழைய இராணுவ டிரெய்லர்கள், இன்றும் அமெரிக்கக் குடும்பங்கள் சிலவற்றிற்கு விறகும் தீவனமும் கூடாரமும் சுமந்து வருகின்றன.

இவற்றின் வரலாறு சுவையானது. 1940-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரிலிருந்த பாண்டம் நிறுவனமே அமெரிக்க இராணுவத்திற்கு முதல் ஜீப்பைச் செய்தளித்தது. ஆயினும் பெரும் ஆர்டர்கள் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்கே சென்றன. பாண்டமோ, அந்த ஜீப்புகள் இழுக்கும் கால் டன் டிரெய்லர்களைச் செய்யலாயிற்று. நீர் புகாத அமைப்பினால் ஆற்றில் மிதக்கக்கூடியவை அவை. பெட்டியினுள் தேங்கும் நீரை வெளியேற்ற அடித்தகட்டில் திருகு மூடிகள் உண்டு. பின்னர் வந்த எம்-416 என்னும் டிரெய்லரும் இவ்வழியில் உருவானதே. கரடுமுரடான தரையில் இவை சுமக்கும் அளவு 500 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 225 கிலோ.

இத்தகைய டிரெய்லரை வீட்டு உபயோகத்திற்கு மாற்றுவோர் முதலில் கவனிப்பது அழகையன்று, சக்கரத்தை. பல்லாண்டுகள் கிடந்த வண்டியில் கிரீஸ் இறுகியிருக்கும். பேரிங்குகளைக் கழற்றிக் கழுவி, புதிய கிரீஸ் இட வேண்டும். வெடிப்புக் கண்ட டயரை மாற்றியே ஆகவேண்டும். இழுக்கும் வண்டியின் சக்கரமே டிரெய்லருக்கும் பொருந்துமாறு அமைத்துக்கொண்டால், ஒரே ஸ்டெப்னி இரண்டிற்கும் உதவும்.

அடுத்தது விளக்கு. எம்-416 போன்றவற்றின் மின்னமைப்பு 24 வோல்ட். பொதுமக்களின் கார்களிலோ 12 வோல்ட். பழைய பல்புகளை அப்படியே இணைத்தால் மங்கலாகவே எரியும். இரவில் பின்னால் வருபவருக்கு வண்டி இருப்பதே தெரியாது. ஆகவே பல்புகளை மாற்றுவதும், நைந்த வயர்களைப் புதுப்பிப்பதும் கட்டாயம்.

மூன்றாவது இணைப்பு. இராணுவ டிரெய்லரின் முனையில் கனத்த இரும்பு வளையம் இருக்கும். இதற்குரிய கொக்கி சாதாரண கார்களில் இராது. எனவே ஒன்று காரில் அக்கொக்கியைப் பொருத்த வேண்டும். அல்லது வளையத்தை அகற்றிப் பந்து வடிவ இணைப்புக்கு மாற்ற வேண்டும். இணைப்பு கழன்றாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாதிருக்க, இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுவார்கள்.

இனிக் கூறப்போவதே முக்கியமானது, நேயர்களே! கால் டன் டிரெய்லர்கள் பலவற்றில் நின்ற இடத்தில் நிறுத்தி வைக்கும் கைப் பிரேக் மட்டுமே உண்டு. ஓடும்போது முழுப் பாரத்தையும் இழுக்கும் வண்டியின் பிரேக்கே தாங்க வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்முனையில் அழுந்துமாறு சுமையை அடுக்க வேண்டும். பின்புறம் பாரம் மிகுந்தால் டிரெய்லர் பாம்புபோல் வளைந்தாடி, காரையும் புரட்டிவிடக் கூடும். பெட்டி பெரிதாயிற்றே என்று அளவுக்கு மீறி ஏற்றுவதும், விளையாட்டாகப் பிள்ளைகளை அதில் உட்காரவைப்பதும் உயிருக்கே ஆபத்து.

பழைய பொருளை மலிவாக வாங்குவது சிக்கனமே. ஆனால் அதைச் செப்பனிடும் செலவில் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. டயர், விளக்கு, இணைப்பு ஆகிய மூன்றிற்கும் பணம் ஒதுக்கிய பின்னரே பெயிண்டைப் பற்றி எண்ணுங்கள்.