பூனைக்கு வலிப்பா? வீடியோ எடுங்க!

சேத்தியாத்தோப்பில் பூனை வளர்ப்பவரா நீங்கள்? வயதான பூனைக்குத் திடீர்னு வலிப்பு வருதா? ஒரே பக்கமா வட்டமடிக்குதா? சுவரில் தலையை அழுத்தி நிற்குதா? மூளைக்கட்டியாகவும் இருக்கலாம். பூனைகளுக்கு அதிகம் வருவது ‘மெனிஞ்சியோமா’ கட்டி. இது மூளையின் உறையில் வளர்வதால், பல நேரங்களில் அறுவை சிகிச்சையில் அகற்ற முடியும்.

வலிப்பு வந்தால் வாயருகே கை வைக்காதீங்க. செல்போனில் வீடியோ எடுங்க. மருத்துவரிடம் போகும்போது வலிப்பு நின்றிருக்கும், வீடியோதான் சாட்சி. 5 நிமிடம் தாண்டினால் உடனே தூக்கிட்டுப் போங்க. பாராசிட்டமால் வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை. அங்கு ரத்தப் பரிசோதனை மூலம் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்களை விலக்குவார்கள். கட்டியைக் காட்டுவது, மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன்தான். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். வீடியோவை அழிச்சிடாதீங்க!