கொல்லைப்புறத்துப் பொறியியல்

சென்னையில் கத்திரி வெயில் கொளுத்தும்போது, பகல் 12 மணி தாண்டியதும் கொல்லையில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். அதன் குட்டை நிழல் தெற்கே விழும். அதாவது, சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் சென்னையின் உச்சியைக் கடந்து வடக்கே போகும் சூரியன், ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்புகிறது. ஏறத்தாழ நான்கு மாதம் நமக்கு நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து அடிக்கிறது. தெற்கு வெயிலை மட்டுமே கணக்கில் வைத்து எழுதப்படும் ஐரோப்பியத் தோட்டப் புத்தகங்களின் வரைபடம் நம் வீட்டுக்கு ஒத்துவராது.

வீட்டுத் தோட்டத்தை வகுப்பதில் இந்தக் கணக்கு நேரடியாக உதவும். 20 அடி உயர மரத்தின் நடுப்பகல் நிழல் ஜூன் மாதத்தில் தெற்கே நாலடியைக்கூட எட்டாது. மார்கழியில் அதே நிழல் வடக்கே 15 அடி நீளும். தக்காளியும் கத்தரியும் குளிர் மாதங்களில்தான் செழிப்பாகக் காய்க்கும். மரத்துக்கு வடக்கே பாத்தி போட்டால் அவற்றுக்கு வெயில் வேண்டிய நேரத்தில் நிழல்தான் கிடைக்கும். ஆகவே காய்கறிப் பாத்தியும் மல்லிகையும் மரத்துக்குத் தெற்கே இருக்கட்டும். மரத்தை வீட்டுக்கு மேற்கே, சற்று வடமேற்காக, சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்கள். கோடையில் பிற்பகலுக்குமேல் சாய்ந்து வந்து சுவரைச் சுடும் வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

மரம் நிழலோடு நிறுத்திக்கொள்வதில்லை. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் உண்டு. வேர் உறிஞ்சிய நீரில் மிகப் பெரும்பகுதி அவற்றின் வழியே ஆவியாகிப் போய்விடுகிறது. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம், மின்கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மரம் பகல் முழுவதும் 100 லிட்டரை வெளியேற்றினால், ஒரு டன் ஏசி இரண்டு, பத்து மணி நேரம் ஓடி வெளியே தள்ளும் அளவு வெப்பம் காணாமல் போகிறது. கரண்ட் பில் கிடையாது. மோட்டார் சத்தமும் இல்லை. திறந்த வெளி என்பதால் குளிர்ச்சியில் ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோய்விடும் என்பது ஒன்றுதான் குறை.

அவ்வளவு நீரையும் உறிஞ்சும் வேர் எங்கே இருக்கிறது? அடிமரத்தைச் சுற்றிக் குழி பறித்துத் தண்ணீர் விடுகிறவர்கள் பலர். தண்டருகே இருக்கும் தடித்த வேர்கள் மரத்தைத் தாங்கி நிற்பவை. உறிஞ்சும் வேலை பெரும்பாலும் நுனியிலுள்ள மெல்லிய வேர்களுடையது. அவை மேல்மண்ணின் இரண்டு அடிக்குள்ளேயே படர்ந்து, கிளைகளின் விளிம்பையும் தாண்டிப் போகும். எனவே கிளை நுனிக்கு நேர் கீழே வட்டமாக வாய்க்கால் இழுத்து அதில் நீரும் எருவும் விட வேண்டும். மரம் வளர வளர அந்த வட்டத்தையும் வெளியே தள்ளிக்கொண்டே போங்கள்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டர். கோடையில் ஒரு பாத்தி நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்தடிக்குப் பத்தடிப் பாத்தியிலிருந்து 46 லிட்டர் போகிறது. மூன்று குடம்! இதில் ஒரு பங்கு செடிக்கே போய்ச் சேராமல் மண்ணிலிருந்து நேராக ஆவியாகிறது. மண்துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகள் அடியிலுள்ள ஈரத்தை மேலே இழுத்துவந்து வெயிலிடம் கொடுத்துவிடுகின்றன. காய்ந்த இலை, தென்னை மட்டைத் தூள், வைக்கோல் எதையாவது இரண்டு மூன்று அங்குலம் பரப்பினால் அந்தத் தொடர் அறுந்துவிடும். சருகுக்கு இடையிலுள்ள பெரிய இடைவெளிகளால் நீரை மேலே இழுக்க முடியாது. இதுதான் மூடாக்கு. தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், அழுகிவிடும்.

தானே அளந்து நீர் விடும் கருவி வேண்டுமானால் பானைக் கடைக்குப் போங்கள். மெருகு பூசாத ஒரு மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடி வையுங்கள். சுற்றிலும் வெண்டை, கத்தரி, பாகல் நடலாம். மண் காய்ந்திருந்தால் பானையின் நுண்துளைகள் வழியே நீரை வலுவாக இழுக்கும். ஈரமாகிவிட்டால் இழுவிசை தளர்ந்து கசிவும் மட்டுப்படும். ஒரு மாதம் கழித்துப் பக்கத்து மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்தால், வெள்ளை வேர்கள் பானையின் வயிற்றைத் தழுவிப் பின்னியிருப்பது தெரியும். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் ஃபான் ஷெங்ஷீ எழுதிய வேளாண் நூலில் இந்த உத்தி இருக்கிறது.

இனி செடியின் உச்சிக்கு வருவோம். முருங்கைக் கன்று இரண்டரை அடி வளர்ந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். கிள்ளினால் ஏன் பக்கத்தில் கிளைக்கிறது? நுனிமொட்டு ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து தண்டின் வழியே கீழே அனுப்புகிறது. அது வந்துகொண்டிருக்கும்வரை பக்கமொட்டுகள் உறங்கும். 1933-இல் கென்னத் திமானும் ஃபோல்க் ஸ்கூகும் ஒரு வகை அவரைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டுவாயில் ஆக்ஸினைத் தடவினார்கள். நுனி இல்லாமலே பக்கமொட்டுகள் உறங்கின!

ஆனால் ஆக்ஸின் தண்டில் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே நகரும். நுனியை வெட்டிய செய்தி அந்த வேகத்தில் கீழே எட்டுவதற்கு வெகு முன்பே அடிமொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. எப்படி? 2014-இல் பட்டாணிச் செடியில் விடை கிடைத்தது: சர்க்கரை. நுனி இருந்தவரை பெரும்பங்குச் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொண்டிருந்தது. அது போனதும் சர்க்கரை சட்டென்று பக்கமொட்டுகளுக்குப் பாய்கிறது. மல்லிகைக்கு நவம்பர் கடைசியில் செய்யும் கவாத்துக்குப் பின்னாலும் இதே கணக்குத்தான். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் புதுத் தளிர்கள் கூட்டமாக எழும். மல்லிகை பூப்பது புதுத் தளிரில்தானே.

குளியலறை நீர் வெளியேறும் மூலைக்குக் கல்வாழையை விட்டால் ஆளில்லை. நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாமல் பெரும்பாலான செடிகளின் வேர் மூச்சுத் திணறிச் சாகும். கல்வாழையின் திசுவுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. இலையிலிருந்து ஆக்ஸிஜன் அவற்றின் வழியே வேருக்கு இறங்கி, கொஞ்சம் சேற்றிலும் கசிகிறது. அந்த ஆக்ஸிஜனை நம்பி வேரைச் சுற்றிக் குடியேறும் நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்று நீரைத் தெளிய வைக்கின்றன. செடி அவற்றுக்கு இடமும் காற்றும் கொடுக்கிறது.

மொட்டைத் திறப்பதும் நீரை ஏற்றுவதும் செடிகளே பார்த்துக்கொள்ளும் வேலைகள். எதை எங்கே வைப்பது என்பது மட்டும் நம் கையில். புது வீட்டில் முதலில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் குறியுங்கள். ஒரு மழைக்கு நீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். வெயில் எட்டும் இடம் பாத்திக்கு, ஈர மூலை கல்வாழைக்கு, மேற்கு ஓரம் மரத்துக்கு. இவ்வளவும் முடிவான பிறகு நர்சரிக்குக் கிளம்பினால் போதும்.