ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறீர்களா? கால்வாய் நகரில் காண வேண்டியவை!

ஏரியின் அடியில் விமானம் இறங்குமா?

இறங்கும்! ஆம்ஸ்டர்டாமில் தினமும் இறங்குகிறது.

அந்த நகரின் விமான நிலையத்துக்கு ஸ்கிபோல் என்று பெயர். அது இருக்கும் இடம் ஒரு காலத்தில் பெரிய ஏரி. நீராவி எந்திரங்களை வைத்து ஏரித் தண்ணீரை இறைத்தார்கள். 1852-ம் ஆண்டில் ஏரி வற்றி நிலமாயிற்று. இன்று அந்த விமான நிலையம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 4 மீட்டர் கீழே இருக்கிறது!

நெதர்லாந்து என்னும் ஹாலந்து நாட்டின் தலைநகரம் ஆம்ஸ்டர்டாம். மகன் அங்கே வேலை பார்க்கிறான், மகள் அங்கே குடியிருக்கிறாள் என்று நம் ஊர்ப் பெற்றோர்களும் இப்போது போய் வருகிறார்கள். போனால் எதைப் பார்ப்பது? எதை முதலில் பார்ப்பது? இதோ ஒரு வழிகாட்டி.

பெயர் வந்த கதை

ஆம்ஸ்டெல் என்பது ஓர் ஆறு. அதன் குறுக்கே அந்தக் காலத்து மக்கள் அணை கட்டினார்கள். அணைக்கு டச்சு மொழியில் "டாம்" என்று பெயர். ஆம்ஸ்டெல் அணை, ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று! 1275-ம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு சாசனத்தில் இந்த ஊரின் பெயர் முதன்முதலாக வருகிறது. 2025-ல் 750-வது பிறந்த நாளைக் கொண்டாடினார்கள்.

முதலில் படகு

போனதும் முதல் வேலையாகப் படகில் ஏறுங்கள். ஒரு மணி நேரச் சவாரி போதும். ஊரின் அமைப்பு மனதில் பதிந்துவிடும்.

ஊரில் 160-க்கும் மேற்பட்ட கால்வாய்கள் உள்ளன. பாலங்கள் ஆயிரத்துக்கும் மேல். கால்வாய்களில் முக்கியமானவை மூன்று. ஒன்று கனவான்கள் கால்வாய். இன்னொன்று சக்கரவர்த்தி கால்வாய். மூன்றாவது இளவரசர் கால்வாய். 1613-ம் ஆண்டில் இவற்றைத் தோண்டத் தொடங்கினார்கள். பழைய நகரைச் சுற்றி, பாதி வட்டமாக, ஒன்றை அடுத்து ஒன்று செல்கின்றன. இந்தப் பகுதியை 2010-ல் யுனெஸ்கோ, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கரையோரத்தில் படகு வீடுகளையும் பார்ப்பீர்கள். சுமார் 2 ஆயிரத்து 500 படகுகளில் மக்கள் குடும்பம் நடத்துகிறார்கள். பூந்தொட்டி உண்டு. தபால் பெட்டியும் உண்டு!

மரத்தின் மேல் ஓர் அரண்மனை

அணை கட்டிய இடம் இப்போது "டாம் சதுக்கம்". அங்கே அரண்மனை நிற்கிறது. முதலில் நகர சபை மண்டபமாகத்தான் அதைக் கட்டினார்கள். 1655-ல் திறந்தார்கள். 1808-ல்தான் அது அரண்மனை ஆனது.

இவ்வளவு பெரிய கல் கட்டடம் எதன் மேல் நிற்கிறது தெரியுமா? மரக் கம்பங்களின் மேல்! சேற்று நிலத்தில் 13 ஆயிரத்து 659 கம்பங்களை அடித்து, அவற்றின் மேல் அரண்மனையை எழுப்பியிருக்கிறார்கள். இந்த எண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் சுலபமாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 365 நாள். முன்னால் 1 போடு, பின்னால் 9 போடு. 13659!

மரம் உளுத்துப் போகாதா? தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கி இருக்கும்வரை போகாது. காற்றுப் படாததால் மரத்தை அரிக்கும் காளான் வளர முடியாது. நீர்மட்டம் இறங்கி, கம்பத்தின் தலை வெளியே தெரிந்தால்தான் ஆபத்து.

முன்னால் சாயும் வீடுகள்

கால்வாய்க் கரை வீடுகள் குறுகலானவை, உயரமானவை. தண்ணீர் ஓரத்து மனைக்கு மவுசு அதிகம். ஆகவே அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினார்கள்.

நிமிர்ந்து பாருங்கள். வீட்டின் உச்சியில் ஓர் உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கொக்கி! மாடிப்படி செங்குத்தானது. அதில் கட்டிலும் பீரோவும் ஏறா. கொக்கியில் கப்பியை மாட்டி, கயிறு கட்டி, ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள். சாமான் சுவரில் உரசாமல் இருக்கவே பல வீடுகளை முன்பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டினார்கள்.

பக்கவாட்டில் சாய்ந்த வீடுகளும் உண்டு. அவை வேண்டுமென்று சாய்த்தவை அல்ல. அடியில் கம்பம் பழுது!

பரணில் ஒரு கோவில்

17-ம் நூற்றாண்டில் அந்த ஊரில் கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபடக் கூடாது என்று தடை இருந்தது. ஒரு வியாபாரி என்ன செய்தார்? தம் வீட்டின் மேல் மாடியில் ரகசியமாக ஒரு தேவாலயத்தையே கட்டிவிட்டார்! வெளியில் இருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே பலிபீடமும் உப்பரிகையும் இருக்கின்றன. 1663-ல் கட்டிய அந்தத் தேவாலயம் இப்போது காட்சிசாலை. "பரணில் உள்ள நம் ஆண்டவர்" என்று அதற்குப் பெயர்.

நம் நடராஜர்!

ரைக்ஸ் மியூசியத்துக்கு அவசியம் போக வேண்டும். 1885-ல் திறந்த மாளிகை அது. நடுவே சைக்கிள் போகும் பாதை ஒன்று கட்டடத்தைத் துளைத்துக்கொண்டு செல்கிறது.

ரெம்பிராண்ட் 1642-ல் தீட்டிய "இரவுக் காவல்" என்ற ஓவியம் இங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய 12 அடி உயரம், 14 அடி அகலம். முன்பு இன்னும் பெரிதாக இருந்தது. 1715-ல் நகர மண்டபச் சுவரில் இடம் போதவில்லை என்று ஓரங்களை வெட்டிவிட்டார்கள்! அந்த மாபெரும் ஓவியர் கடைசிக் காலத்தில் கடனாளியாகி, 1669-ல் இறந்தார். அவர் புதைக்கப்பட்ட மேற்குத் தேவாலயமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. எந்தக் குழி என்று அடையாளம் இல்லை.

அதே மியூசியத்தின் ஆசியப் பகுதிக்கும் போங்கள். அங்கே நம் சோழர் காலத்து நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார்! 5 அடி உயரம், சுமார் 300 கிலோ எடை. உள்ளே கூடு இல்லாமல் கெட்டியாக வார்த்த வெண்கலச் சிலை.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1602-ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வைத்திருந்தது. நம் நெசவாளர்களின் துணி கப்பலேறியது. நம் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிப் போனார்கள். கால்வாய்க் கரை மாளிகைகளைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அடிமை வியாபாரத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக 2021 ஜூலை 1-ந் தேதி நகர மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

பின்கட்டில் ஒளிந்த சிறுமி

இளவரசர் கால்வாய், 263-ம் எண் வீடு. அங்கே வாசலில் கூட்டம் நிற்கும். ஆனால் சத்தம் இருக்காது.

இரண்டாவது உலகப்போரில் ஹாலந்தை ஜெர்மன் நாஜிகள் பிடித்தார்கள். யூதர்களைத் தேடித் தேடிக் கைது செய்தார்கள். ஆனி பிராங்க் என்ற 13 வயது யூதச் சிறுமி, 1942 ஜூலையில், பெற்றோருடனும் அக்காளுடனும் இந்தக் கட்டடத்தின் பின்கட்டில் ஒளிந்தாள். பிறகு வேறு நால்வரும் வந்து சேர்ந்தார்கள். வழியை ஒரு புத்தக அலமாரி மறைத்தது.

முன்பக்கத்தில் அவள் தகப்பனாரின் வியாபார நிலையம் நடந்தது. அங்கே ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் மேலே பேசக் கூடாது. குழாயைத் திறக்கக் கூடாது. உண்மை அறிந்த சில ஊழியர்கள் மட்டும் உயிரைப் பணயம் வைத்து உணவு கொண்டு வந்தார்கள். ஆனி தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1944 ஆகஸ்டு 4-ந் தேதி எல்லோரும் பிடிபட்டார்கள். 1945 தொடக்கத்தில், முகாமில், ஆனி இறந்தாள். அப்போது வயது 15. அந்த எட்டுப் பேரில் உயிர் பிழைத்தவர் தகப்பனார் ஒருவரே. மகளின் நாட்குறிப்பை 1947-ல் அவர் வெளியிட்டார். உலகமே அதைப் படித்தது.

அறைகளில் சாமான் எதுவும் இல்லை. வெறுமையாகவே வைத்திருக்கிறார்கள். சுவரில், பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருக்கின்றன. எந்தத் தாயும் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல்தான் நகர்வாள்.

இங்கிருந்து பெயர்ச் சுவருக்கும் போங்கள். 2021-ல் திறந்தது. கொல்லப்பட்ட 1 லட்சத்து 2 ஆயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு செங்கல். ஒவ்வொன்றிலும் பெயரும் வயதும் பொறித்திருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் சிலை நிற்கிறது. 1941 பிப்ரவரியில், யூதர்களைப் பிடித்துச் சென்றதைக் கண்டித்து, ஊர் முழுவதும் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். டிராம்கள் ஓடவில்லை. அவர்களின் நினைவுச் சிலை அது.

கவனிக்க வேண்டியவை

ஆனி பிராங்க் வீட்டுக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. இன்டர்நெட்டில் மட்டுமே கிடைக்கும். செவ்வாய்க்கிழமைதோறும், ஆறு வாரங்களுக்குப் பிந்திய தேதிகளுக்கான டிக்கெட்டுகளை வெளியிடுகிறார்கள். பயணம் முடிவானதும் முதலில் இதைச் செய்யுங்கள்.

ரைக்ஸ் மியூசியத்திலும், ஓவியர் வான்கோவின் மியூசியத்திலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

ரெயில் நிலையத்தின் பின்புறம் அக்கரைக்குப் போகும் படகில் எல்லோருக்கும் இலவசம்! செலவில்லாத கப்பல் பயணம்.

சைக்கிள் பாதையில் நடக்காதீர்கள். அங்கே ஆட்களைவிட சைக்கிள்கள் அதிகம். வேகமாக வரும். கால்வாய்களில் இருந்து மட்டும் ஆண்டுக்கு 12 ஆயிரம் சைக்கிள்களுக்குக் குறையாமல் தூர் வாருகிறார்கள்!

நாக்கு காரம் கேட்டால், சுரினாம் நாட்டார் கடைகளைத் தேடுங்கள். அவர்களில் பலர், அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள். ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும் கிடைக்கும்.

குடை மறக்க வேண்டாம்.

ஊருக்கு வந்த கவலை

இத்தனை அழகுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் பழைய நகரின் ஒரு கால்வாய்க் கரைச்சுவர் திடீரென்று சரிந்து தண்ணீரில் விழுந்தது. குதிரை வண்டிக் காலத்தில் கட்டிய சுவர்கள், லாரிகளின் பாரம் தாங்கவில்லை. கனமான வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். பாலங்களையும் கரைகளையும் ஒவ்வொன்றாகப் பழுது பார்க்கிறார்கள். பல ஆண்டு வேலை அது.

ஜனக்கூட்டமும் ஒரு பாரமே. ஊரில் வசிப்பவர்கள் சுமார் 9 லட்சம் பேர். வந்து போகிறவர்களோ அதைப்போல் பல மடங்கு. அதனால் 2024-ல் புதிய ஓட்டல்களுக்குத் தடை போட்டார்கள். தங்கும் கட்டணத்தின் மேல் வரியையும் 12½ சதவீதமாக உயர்த்தினார்கள்.

ஆகவே விருந்தாளியாகப் போகிறவர்கள் விருந்தாளியாகவே நடந்துகொள்ள வேண்டும். விளக்கொளி தண்ணீரில் ஆடும் இரவில் கால்வாய்க் கரையில் நடந்து பாருங்கள். மனம் குளிரும். ஆனால் மெதுவாகப் பேசுங்கள். நீங்கள் வேடிக்கை பார்க்கும் அந்த ஜன்னலுக்குப் பின்னால், நாளை பள்ளிக்கூடம் போகவேண்டிய குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும்.